லிங்கனுக்கு வழிவிட்ட நண்பர்

1842-ம் ஆண்டு, செப்டம்பர் 22-ந் தேதி.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இரண்டு பேர் வாள் சண்டைக்குத் தயாராக நின்றார்கள். ஒருவர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ். இல்லினாய் ராஜ்யத்தின் கணக்குத் தணிக்கை அதிகாரி. மற்றவர் ஒரு வக்கீல். 6 அடி 4 அங்குல உயரம். ஒட்டிய கன்னம். நீண்ட கைகள். அவர்தான் ஆப்ரகாம் லிங்கன்.

இல்லினாயில் இப்படிப்பட்ட சண்டைக்குத் தடை இருந்தது. அதனால் ஆற்றைத் தாண்டி, மிசௌரி ராஜ்யத்துப் பக்கம் போயிருந்தார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு கேலிக் கடிதம். ஷீல்ட்ஸைக் கிண்டல் செய்து, பட்டிக்காட்டுப் பெண் ஒருத்தி எழுதுவது போல, லிங்கன் புனைபெயரில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊரே சிரித்தது. லிங்கன் மணக்க இருந்த மேரி டாட்டும், மேரியின் தோழி ஜூலியாவும் சேர்ந்து இன்னொரு கடிதம் எழுதிப் போட்டார்கள் என்பார்கள். ஷீல்ட்ஸுக்கு ரத்தம் கொதித்தது. எழுதியவர் யார் என்று கேட்டார். லிங்கன் பழியைத் தாமே ஏற்றுக்கொண்டார். சண்டைக்கு வா என்று ஷீல்ட்ஸ் அழைத்தார்.

அழைக்கப்பட்டவர் ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது வழக்கம். குதிரைப் படையினர் ஏந்தும் பெரிய வாளை லிங்கன் கேட்டார். ஷீல்ட்ஸ் உயரம் குறைந்தவர். வாளை வீசினாலும் அது லிங்கனுக்கு எட்டாது!

ஆனாலும் வாள் வாள்தான். ஒரு வீச்சில் ஒரு தலை போயிருக்கலாம். அந்த நேரத்தில் இரண்டு பேர் அவசரமாக வந்து குறுக்கே நின்றார்கள். ஒருவர் டாக்டர். மற்றவர் ஜான் ஹார்டின். இரண்டு பக்கத்தாரிடமும் பேசினார்கள். சமாதானம் செய்தார்கள். ஷீல்ட்ஸின் நாணயத்தைக் குறைத்துப் பேசும் எண்ணம் தமக்கு இல்லை என்றும், அரசியலுக்காகவே எழுதியதாகவும் லிங்கன் ஒப்புக்கொண்டார். வாள்கள் உறைக்குள் போயின.

இந்த ஹார்டின்தான் மூன்று ஆண்டு கழித்து லிங்கனின் பாதையில் மலை போல நின்றார்.

ஏழை வீட்டுப் பிள்ளை

லிங்கன் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி கெண்டக்கியில் ஒரு மரக்குடிசையில் பிறந்தார். 9 வயதில் தாயை இழந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் ஓர் ஆண்டு கூட ஆகாது. சிற்றன்னை நல்லவர். பையன் படிப்பதைத் தடுக்கவில்லை.

வாலிப வயதில் சரக்குப் படகு தள்ளினார். கடையில் வேலை பார்த்தார். சொந்தமாகக் கடை வைத்தார். கடை மூழ்கியது, கடன் மிஞ்சியது. அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. போஸ்ட் மாஸ்டராக இருந்தார். கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய்க் கொடுப்பார். நிலம் அளந்தார். இரவல் வாங்கிய புத்தகங்களைப் படித்து வக்கீல் ஆனார்.

1832-ல் இல்லினாய் சட்டசபைக்கு நின்றார். தோற்றார். ஆனால் அவர் குடியிருந்த நியூசேலம் கிராமத்தில் பதிவான 300 ஓட்டில் 277 ஓட்டு அவருக்கே விழுந்தது. பழகியவர்கள் எல்லோரும் அவரை விரும்பினார்கள். பழகாதவர்களுக்கு அவரைத் தெரியவில்லை, அவ்வளவுதான். 1834-ல் மீண்டும் நின்று ஜெயித்தார். தொடர்ந்து நான்கு முறை சட்டசபை மெம்பராக இருந்தார்.

1837-ல் ஸ்பிரிங்பீல்டு நகரத்துக்கு வந்து வக்கீல் தொழிலை ஆரம்பித்தார். 1842 நவம்பர் 4-ந் தேதி மேரி டாட்டை மணந்தார். வாள் சண்டை நின்றுபோய் ஆறே வாரத்தில் கல்யாணம்.

மேரி பெரிய இடத்துப் பெண். புருஷன் பெரிய பதவிக்கு வருவார் என்று திடமாக நம்பினார். லிங்கனுக்கும் அந்த ஆசை இருந்தது. காங்கிரசுக்குப் போகவேண்டும் என்று விரும்பினார். (அமெரிக்காவில் காங்கிரஸ் என்பது கட்சியின் பெயர் அல்ல. அந்த நாட்டுப் பார்லிமெண்டுக்கு அதுதான் பெயர்.)

ஒரு நாற்காலி, மூன்று பேர்

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகள் இருந்தன. ஒன்று ஜனநாயகக் கட்சி. மற்றொன்று விக் கட்சி. லிங்கன் விக் கட்சிக்காரர்.

இல்லினாய் ராஜ்யத்துக்குக் காங்கிரசில் 7 ஸ்தானங்கள். அதில் ஆறு ஜனநாயகக் கட்சியின் கோட்டை. விக் கட்சி ஜெயிக்கக் கூடியது ஒரே ஒரு தொகுதி. அதுதான் ஸ்பிரிங்பீல்டு நகரம் அடங்கிய 7-வது தொகுதி. 11 ஜில்லாக்கள் சேர்ந்தது அது.

ஆகவே அந்தத் தொகுதியில் கட்சி டிக்கெட் கிடைத்தால் காங்கிரஸ் மெம்பர் ஆனது போலத்தான். பொதுத் தேர்தலை விட, டிக்கெட் வாங்குவதுதான் பெரும் பாடு.

டிக்கெட்டுக்கு மூன்று பேர் ஆசைப்பட்டார்கள். மூவருமே வக்கீல்கள். மூவருமே இளைஞர்கள். மூவருமே நண்பர்கள்.

ஒருவர் எட்வர்டு பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா வந்தவர். மேடை ஏறினால் மடை திறந்தது போலப் பேசுவார். லிங்கனுக்கு அவர் மீது உயிர். தம் இரண்டாவது மகனுக்கு அவர் பெயரையே வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் ஜாக்சன்வில் நகரத்து ஹார்டின். அவருடைய தகப்பனார் அமெரிக்காவின் மேல்சபையாகிய செனட்டில் மெம்பராக இருந்தவர். ஹார்டின் உள்ளூர்ப் படையில் ஜெனரல். மேரிக்கு உறவினர் வேறு. குடும்பம், படிப்பு, பெயர் எல்லாம் அவருக்கு இருந்தன.

மூன்றாமவர் லிங்கன்.

மாப்பிள்ளைத் தோழன்

1843-ம் ஆண்டு மார்ச் மாதம். லிங்கனின் சொந்த ஜில்லாவான சங்கமன் ஜில்லாவின் விக் கட்சிக்காரர்கள் ஸ்பிரிங்பீல்டில் கூடினார்கள். யாரை ஆதரிப்பது என்று பார்த்தார்கள். பேக்கர் பக்கம் ஆள் அதிகம். லிங்கனுக்குச் சொந்த ஊரிலேயே தோல்வி!

தோல்வியோடு போயிருந்தால் பரவாயில்லை. தொகுதி மகாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளில் ஒருவராக லிங்கனையே தேர்ந்தெடுத்தார்கள். வேண்டாம் என்று அவர் மறுத்தும் விடவில்லை. போய்ப் பேக்கருக்காக வேலை செய்யவேண்டும்! தான் விரும்பிய பெண்ணை வேறொருவன் மணக்கும்போது, அவனுக்கே மாப்பிள்ளைத் தோழனாக நிற்பது போல இருக்கிறது தம் நிலைமை என்று நண்பர் ஸ்பீடுக்கு லிங்கன் கடிதம் எழுதினார்.

அவருக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. பணக்கார வீட்டில் பெண் எடுத்தவர், பெரிய மனிதர்களின் அபேட்சகர் என்று அவரைப் பற்றிப் பேசினார்கள். மாதம் 10 டாலர் கூலிக்குப் படகு தள்ளிய அநாதைப் பையனுக்கு இப்படி ஒரு பட்டம்! பழைய ஆட்கள் கேட்டால் வியப்பார்கள் என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். எந்த மாதா கோவிலிலும் சேராதவர், வாள் சண்டைக்குப் போனவர் என்றும் குறை சொன்னார்கள். பேக்கருக்கு அந்தக் குறைகள் இல்லை.

மே 1-ந் தேதி பீகின் என்ற ஊரில் தொகுதி மகாநாடு நடந்தது. ஹார்டினுக்கு டிக்கெட் கிடைத்தது. பேக்கருக்கும் இல்லை, லிங்கனுக்கும் இல்லை.

அப்போது லிங்கன் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த தேர்தலில் நிற்கத் தகுந்தவர் பேக்கர் என்று மகாநாடு கருதுவதாக அந்தத் தீர்மானம் சொன்னது. சிறிய மெஜாரிட்டியில் அது நிறைவேறியது.

பார்ப்பதற்குச் சாதாரணத் தீர்மானம். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. ஹார்டின் ஒரு தடவை, பேக்கர் ஒரு தடவை. அப்படியானால் மூன்றாவது தடவை யாருக்கு? தம் பெயரை லிங்கன் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஹார்டின் 1843-ல் காங்கிரசுக்குப் போனார். 1844-ல் அவர் ஒதுங்கிக்கொள்ள, பேக்கர் போனார். எல்லாம் முறைப்படி நடந்தது.

முறை யாருக்கு?

1846 தேர்தல் நெருங்கியது. பேக்கர் சொன்ன சொல் தவறவில்லை. தாம் நிற்கப் போவதில்லை என்றும், அதை எப்போது வேண்டுமானாலும் பகிரங்கமாகச் சொல்லத் தயார் என்றும் லிங்கனிடம் கூறிவிட்டார்.

ஆனால் ஹார்டின்? அவர் மீண்டும் காங்கிரசுக்குப் போக ஆசைப்படுகிறார் என்று லிங்கன் சந்தேகப்பட்டார். சந்தேகம் சரியாகவே இருந்தது. பீகின் மகாநாட்டில் பேக்கரைப் பற்றித்தான் தீர்மானம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு தடவை என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போடவில்லை. ஹார்டின் அந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

லிங்கனுக்கு அப்போது வயது 36. சட்டசபையை விட்டு வந்து நாலைந்து ஆண்டாகிவிட்டது. இந்த முறையும் டிக்கெட் தவறினால் அடுத்த வாய்ப்புக்கு எத்தனை வருஷம் காத்திருக்கவேண்டுமோ? ஒரு தடவை ஒதுங்கினவன் என்றென்றைக்கும் ஒதுங்கினவன் ஆகிவிடுவதும் உண்டு.

ஹார்டினோடு நேருக்கு நேர் மோதலாமா? தகுதி என்று பேசினால் ஹார்டின் எதிலும் இளைத்தவர் இல்லை. அனுபவம் அவருக்குத்தான் அதிகம். உயிரைக் காப்பாற்றிய நண்பரைத் தாழ்த்திப் பேசவும் முடியாது. தாழ்த்திப் பேசினால் கட்சி இரண்டாகப் பிளக்கும். இருக்கிற ஒரே ஸ்தானமும் எதிர்க்கட்சிக்குப் போய்விடும்.

ஆகையால் லிங்கன் ஒரே ஒரு வாதத்தைக் கையில் எடுத்தார். ஆளுக்கு ஒரு முறை என்பதே நியாயம் என்பதுதான் அது. இதைத் தவிர, ஹார்டினை விட்டுத் தம்மைத் தேர்ந்தெடுக்க வேறு காரணமே தமக்குத் தெரியாது என்று நண்பர்களுக்கு எழுதினார்.

இதில் அடக்கமும் இருக்கிறது, சாமர்த்தியமும் இருக்கிறது. யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். யார் முறை என்று கேட்டால், அந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்கிற எவரும் ஒரே பதிலைத்தான் சொல்லவேண்டும். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் விவசாயிக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கடிதப் போர்

1845-ன் பிற்பகுதியில் லிங்கன் வேலையில் இறங்கினார். ஊர் ஊராகப் போய்க் கோர்ட்டு நடத்தும் ஜட்ஜோடு வக்கீல்களும் போவது அந்த நாட்டு வழக்கம். லிங்கனும் அப்படி ஜில்லா ஜில்லாவாகப் போவார். பகலில் கோர்ட்டில் வழக்குப் பேசுவார். மாலையில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து கதை சொல்வார். கதைக்கு நடுவே முறையைப் பற்றியும் பேசுவார். மகாநாட்டுக்குப் போகக்கூடியவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் சேர்ந்தார்கள்.

ஹார்டின் விழித்துக்கொள்வதற்குள் வடக்கே இருந்த ஜில்லாக்களில் லிங்கன் வேர் பிடித்துவிட்டார்.

போக முடியாத ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். பெஞ்சமின் ஜேம்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியருக்குப் பல கடிதங்கள். டாக்டர் போல் என்பவருக்கு ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் ஹார்டினைத் திறமைசாலி, சுறுசுறுப்பானவர், பெருந்தன்மை உள்ளவர் என்று புகழ்ந்தே எழுதினார். முறையை மட்டும் அவர் மறுக்கிறார் என்று வருத்தப்பட்டார். உங்கள் ஊரில் யார் யாருக்கு நான் எழுதலாம், பெயர்களை அனுப்புங்கள் என்று கேட்டார்.

பெயர்களுக்கு ஏன் இந்தத் தவிப்பு? காரணம் உண்டு. காங்கிரஸ் மெம்பர்களுக்குத் தபால் இலவசம். ஹார்டின் மெம்பராக இருந்தபோது தொகுதி முழுவதும் கடிதமும் அச்சடித்த பிரசங்கங்களும் அனுப்பியவர். யார் யார் எந்த ஊர் என்ற ஜாபிதா அவரிடம் பத்திரமாக இருந்தது. லிங்கனிடம் அப்படி ஒரு ஜாபிதா இல்லை. ஒவ்வொரு பெயராகக் கேட்டுத்தான் சேர்க்கவேண்டி இருந்தது.

இதற்கிடையில் சில பத்திரிகைகள் ஹார்டினைக் கவர்னர் தேர்தலுக்கு நிறுத்தலாம் என்று எழுதின. அது பெரிய கௌரவம்தான். ஆனால் கவர்னர் தேர்தலில் விக் கட்சி ஜெயிக்க வழியில்லை. கௌரவமாகத் தோற்கலாம், அவ்வளவே! தம்மை ஒதுக்குவதற்காக லிங்கன் ஆட்கள் செய்த தந்திரம் இது என்று ஹார்டின் தரப்பினர் நினைத்தார்கள். கவர்னர் பேச்சை ஹார்டின் ஏற்கவில்லை.

1846 ஜனவரி 16-ந் தேதி ஹார்டின் லிங்கனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு புதுத் திட்டம் இருந்தது. பிரதிநிதிகள் மகாநாடு வேண்டாம். ஒவ்வொரு ஜில்லாவிலும் கட்சிக்காரர்கள் நேராக ஓட்டுப் போடட்டும். போட்டியிடுகிறவர்கள் அவரவர் ஜில்லாவை விட்டு வெளியே போய் ஆதரவு தேடக்கூடாது. இதுதான் திட்டம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் லிங்கன் வக்கீல் அல்லவா! மூன்றே நாளில் பதில் எழுதினார். உங்களையும் பேக்கரையும் தேர்ந்தெடுத்த பழைய முறையே எனக்குப் போதும் என்றார். இரண்டு பேரும் வீட்டிலேயே உட்கார்ந்தால் யாருக்கு லாபம் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். ஹார்டின் காங்கிரசில் இருந்தவர். அவர் பெயர் தொகுதி முழுவதும் பரவி இருக்கிறது. தம் பெயர் அப்படி இல்லை என்று சுட்டிக்காட்டினார்.

ஹார்டினுக்குக் கோபம் வந்தது. பேரம், சூழ்ச்சி என்ற பேச்செல்லாம் கிளம்பியது.

பழைய நண்பர்கள் இருவர் இப்படிக் கடிதத்தில் மோதிக்கொண்டது பார்க்கக் கஷ்டமான விஷயம். லிங்கன் அப்போது கடினமாக ஒரு நண்பருக்கு எழுதியதும் உண்டு. சமாதானத்துக்காகத் தாம் எத்தனையோ தடவை விட்டுக்கொடுத்ததாகவும், ஆனால் தம்மை அடியோடு பலி கொடுக்கத் தயங்காதவருக்கு இப்போது விட்டுக்கொடுக்க மனம் இல்லை என்றும் சொன்னார். லிங்கன் ஒரு மகான், அவருக்குக் கோபமே வராது என்று நினைப்பவர்கள் இந்தக் கடிதங்களைப் படிக்கவேண்டும்.

ஆனால் ஹார்டினுக்கு நேராக எழுதும்போது அந்தக் கோபத்தை அவர் காட்டவில்லை. பிப்ரவரி 7-ந் தேதி நீண்ட பதில் எழுதினார். குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கோர்ட்டில் வாதாடுவது போல நிதானமாகப் பதில் சொன்னார். பேரம் எதுவும் நடக்கவில்லை என்றார். கடைசியில் கதவைச் சாத்தாமல் திறந்தே வைத்தார். நீங்கள் வேண்டுமென்றே அநியாயம் செய்கிறவர் அல்ல என்பது எனக்குத் தெரியும், யோசித்துப் பார்த்தால் உங்கள் மனம் மாறும் என்றே நம்புகிறேன் என்ற பொருளில் கடிதத்தை முடித்தார்.

போட்டியாளரை விரட்டுகிறவன், அவன் ஓடுவதைப் பத்துப் பேர் பார்க்கவேண்டும் என்று நினைப்பான். லிங்கனோ, ஹார்டின் தலை நிமிர்ந்து வெளியே வருவதற்கு ஒரு வாசலைக் கட்டிக் கொடுத்தார்.

ஹார்டின் விலகினார்

சில நாட்களே கழிந்தன. பிப்ரவரி மாதம் முடிவதற்குள் ஹார்டின் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். அறிவிப்பு பத்திரிகையில் வந்தது.

கடிதம் அவர் மனதை மாற்றியதா? அப்படிச் சொன்னால் கதை நன்றாக இருக்கும். ஆனால் ஹார்டினுக்குக் கணக்குத் தெரியும். வடக்கு ஜில்லாக்கள் லிங்கன் பக்கம் சாய்ந்துவிட்டன. பெரிய ஜில்லாவான சங்கமன் லிங்கனுடையது. மகாநாட்டுக்குப் போனால் தோல்விதான். இந்தக் கணக்குத்தான் அவரை முதலில் அசைத்திருக்கவேண்டும். கணக்கு மட்டும் இருந்து கடிதத்தில் ஒரு வசைச் சொல்லும் சேர்ந்திருந்தால், தோற்றாலும் சரி என்று ரோஷத்துக்காக அவர் நின்றிருப்பார். அவர் ராணுவக்காரர்!

மே 1-ந் தேதி பீட்டர்ஸ்பர்க் என்ற ஊரில் மகாநாடு நடந்தது. போட்டியில்லாமல் லிங்கனுக்கு டிக்கெட் கிடைத்தது. பீகினில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று சரியாக மூன்று ஆண்டு.

எதிர்க்கட்சி அபேட்சகர் பீட்டர் கார்ட்ரைட். பேர் பெற்ற பாதிரியார். 1832-ல் லிங்கன் தோற்ற அதே சட்டசபைத் தேர்தலில் ஜெயித்தவர். லிங்கன் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று பிரசாரம் நடந்தது. லிங்கன் ஒரு துண்டுப் பிரசுரத்தில் பதில் சொன்னார். ஆகஸ்டில் ஓட்டு எண்ணினார்கள். லிங்கனுக்கு 6,340. பாதிரியாருக்கு 4,829.

ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது. 1846 மே மாதம் மெக்சிகோவோடு யுத்தம் மூண்டது. ஹார்டின் உடனே பட்டாளத்தில் சேர்ந்தார். இல்லினாயின் முதலாவது படைப் பிரிவுக்குக் கர்னல் ஆனார். 1847 பிப்ரவரி 23-ந் தேதி மெக்சிகோவில் பூனாவிஸ்டா போர்க்களத்தில் கொல்லப்பட்டார். வயது 37. ஜூலை மாதம் அவர் உடல் ஜாக்சன்வில்லுக்கு வந்து சேர்ந்தது. அங்கே அடக்கம் செய்தார்கள்.

டிக்கெட்டை விட்டுக்கொடுக்காமல் இருந்தால் ஹார்டின் பிழைத்திருப்பாரோ என்று கேட்கத் தோன்றும். அப்படிச் சொல்ல முடியாது. காங்கிரஸ் மெம்பராக இருந்துகொண்டே பேக்கர் ஒரு படையைத் திரட்டிப் போருக்குப் போனார். ஹார்டினும் போயிருப்பார்.

அந்த ஆண்டு டிசம்பரில் லிங்கன் வாஷிங்டனில் காங்கிரசில் உட்கார்ந்தார். ஹார்டின் உயிர் கொடுத்த அந்த யுத்தத்தையே ஜனாதிபதி அநாவசியமாக ஆரம்பித்தார் என்று லிங்கன் கண்டித்தார். அப்படியே ஓட்டும் போட்டார். ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

தன் முறை முடிந்தது

1848 வந்தது. மீண்டும் நிற்கும்படி சிலர் லிங்கனைக் கேட்டார்கள். கூட்டாளி வக்கீல் ஹெர்ண்டன் இதைப் பற்றி எழுதினார்.

லிங்கன் ஜனவரி மாதமே பதில் எழுதினார். மீண்டும் நிற்பதில்லை என்று முன்பே சொல்லியிருப்பதை நினைவூட்டினார். வேறு யாருக்குமே விருப்பம் இல்லாமல் ஜனங்கள் தம்மையே அனுப்பினால் மறுக்கமாட்டேன் என்றார். ஆனால் மற்றவர்களோடு போட்டிக்கு நிற்பதற்குத் தம் வாக்கும் மானமும் இடம் கொடுக்காது என்றார்.

ஹார்டினிடம் எந்த முறையைக் கேட்டாரோ அந்த முறை அவர் கழுத்தையும் பிடித்தது. அவர் நழுவவில்லை. டிக்கெட் அவருடைய பழைய கூட்டாளி ஸ்டீபன் லோகனுக்குப் போனது. லோகன் தோற்றார். விக் கட்சியின் ஒரே ஸ்தானமும் கை நழுவியது. முறை வைப்பது நண்பர்களுக்கு நல்லது. தொகுதிக்கு எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது.

லிங்கன் ஊருக்குத் திரும்பி வக்கீல் தொழிலைப் பார்த்தார். 1850-ல் பேக்கர் பெயர் வைத்த குழந்தை நாலு வயது நிரம்புமுன் இறந்துபோயிற்று.

10-வது சுற்று

1855 பிப்ரவரி 8-ந் தேதி லிங்கன் வாழ்வில் இன்னொரு போட்டி.

இந்தத் தடவை செனட் ஸ்தானம். அந்தக் காலத்தில் செனட் மெம்பரை ராஜ்ய சட்டசபை மெம்பர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். அடிமை முறை புதிய பிரதேசங்களில் பரவலாமா கூடாதா என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த சமயம். பரவக்கூடாது என்பது லிங்கன் கட்சி.

எதிரே நின்றவர் யார் தெரியுமா? வாள் சண்டைக்கு அழைத்த அதே ஷீல்ட்ஸ்!

முதல் சுற்றில் லிங்கனுக்கு 44 ஓட்டு. ஷீல்ட்ஸுக்கு 41. லைமன் ட்ரம்புல் என்பவருக்கு 5. ட்ரம்புல் ஜனநாயகக் கட்சியிலிருந்து வந்தவர். ஆனால் அடிமை விஷயத்தில் லிங்கன் பக்கம். அவருடைய ஐந்து பேர் விக் கட்சிக்காரருக்கு ஓட்டுப் போடமாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சுற்றுக்கு மேல் சுற்று நடந்தது. ஷீல்ட்ஸின் கட்சியார் அவரை விட்டுவிட்டுக் கவர்னர் மேட்டிசனை நிறுத்தினார்கள். அவருக்கு ஓட்டு ஏறியது. 47 வரை வந்துவிட்டது. இன்னும் நாலு கிடைத்தால் போதும்.

லிங்கனின் ஓட்டு 15 ஆகக் குறைந்திருந்தது. அந்த 15 பேரும் கடைசி வரை நிற்கத் தயார். விலகவேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தார்கள். லிங்கன் கேட்கவில்லை. எல்லோரும் ட்ரம்புல்லுக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். 10-வது சுற்றில் ட்ரம்புல் 51 ஓட்டில் ஜெயித்தார்.

44 பேரை வைத்திருந்தவர் 5 பேரை வைத்திருந்தவருக்கு வழிவிட்டார். இந்தத் தடவை முறையும் இல்லை, கடிதமும் இல்லை. அவரை யாரும் விலகச் சொல்லவும் இல்லை. அன்று இரவு நடந்த விருந்துக்குப் போய் ட்ரம்புல்லின் கையைப் பிடித்து வாழ்த்தினார்.

மேரியால் அப்படி முடியவில்லை. ட்ரம்புல்லின் மனைவி யார் என்றால், மேரியோடு சேர்ந்து அன்று ஷீல்ட்ஸைக் கேலி செய்த அதே ஜூலியா! மேரியின் கல்யாணத்தில் தோழிப் பெண்ணாக நின்றவர். மேரி அவரை மன்னிக்கவே இல்லை. பழைய சிநேகம் அதோடு முறிந்தது.

ட்ரம்புல் நன்றி மறக்கவில்லை. 1858-ல் லிங்கன் செனட்டுக்கு நின்றபோது அவருக்காக ஊர் ஊராகப் பேசினார். லிங்கன் அப்போதும் தோற்றார். பிறகு 1860-ல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்ததும், அடிமைகளை விடுவித்ததும், 1865 ஏப்ரலில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அடிமை முறையை ஒழித்த சட்டத் திருத்தத்தைச் செனட்டில் நடத்திக் கொடுத்த கமிட்டித் தலைவர் ட்ரம்புல்தான். வாள் பிடித்த ஷீல்ட்ஸும் உள்நாட்டுப் போரில் லிங்கனின் படையில் தளபதியாகப் போர் செய்தார்.

பேக்கர்? அவர் மேற்கே ஆரிகன் ராஜ்யத்துக்குப் போய், அங்கிருந்து செனட் மெம்பராகி வந்தார். 1861 மார்ச் 4-ந் தேதி லிங்கன் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றபோது, மேடையில் அவரை ஜனங்களுக்கு அறிமுகம் செய்தவர் பேக்கர்தான். அப்போது பழைய மூவரில் இருவர் அந்த மேடையில் நின்றார்கள்.

உள்நாட்டுப் போர் தொடங்கியதும் பேக்கர் மறுபடியும் உடுப்பு மாட்டிக்கொண்டு புறப்பட்டார். அக்டோபர் 21-ந் தேதி வாஷிங்டனுக்குப் பக்கத்தில், பொட்டோமாக் ஆற்றங்கரைப் போரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தந்தி வந்தபோது லிங்கன் ராணுவத் தலைமை நிலையத்தில் இருந்தார். செய்தியைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்தார். தலை தொங்கியிருந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. மார்பில் கையை வைத்துக்கொண்டு, தடுமாறியபடி தெருவில் இறங்கினார். வாசலில் நின்ற சிப்பாய் சலாம் வைத்தான். ஜனாதிபதி அதைக் கவனிக்காமலே நடந்து போனார்.